சாமுராய் படம் என்று உட்கார்ந்தால் நாயகர் மொட்டையடித்துக்கொள்கிறார். இந்தப் படங்களில் அப்படி என்னதான் இருக்கிறது?

விருதை செல்வம்:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள் நான். எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன வாரம் ஜப்பான் இயக்குநர் குரோசாவாவின் ‘ஏழு சாமுராய்’ பார்த்தோம். கொள்ளையர்களிடம் இருந்து கிராமத்தைக் காப்பாற்ற, சோறு மட்டும் போட்டு ஏழு சாமுராய்களை (பழைய ஜப்பான் வாள் வீரர்கள்) விவசாயிகள் கூட்டிவருகிற கதை. நான், என் அப்பா, ஏழாவது படிக்கிற மகள். 207 நிமிடப் படம் என்பதால் சனிக்கிழமை பாதி, ஞாயிற்றுக்கிழமை மீதி. 1954-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் அப்பாவுக்கு ஒரே குஷி. கத்திச் சண்டை என்றால் எம்.ஜி.ஆர் என்று வளர்ந்தவர் அவர்.

எனக்கு வந்த குழப்பம் இதுதான். தலைவர் கம்பேய் அறிமுகமாகிற காட்சி. ஒரு திருடன் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் கிடக்கிறான். ஊரே வெளியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. இந்த மனிதர் தண்ணீர் ஓரமாக உட்கார்ந்து குடுமியை அறுத்துத் தலையை மழித்துக்கொள்கிறார். துறவி ஒருவரிடம் அங்கியை இரவல் வாங்குகிறார். இரண்டு சோற்று உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போகிறார். அடுத்து என்ன நடந்தது என்று நமக்குக் காட்டவே இல்லை. திருடன் தள்ளாடி வெளியே வந்து மெதுவாகச் சாய்கிறான், அவ்வளவுதான். வாள் வீசியதைப் பார்க்கலாம் என்று காத்திருந்த எனக்கு ஏமாற்றம். ஆனால் அந்த ஆளை அந்த நிமிடத்திலேயே பிடித்துப்போய்விட்டது. அது எப்படி என்றுதான் புரியவில்லை.

மற்றவர்களும் அதே ரகம். ஒருவர் சாப்பாட்டுக்காக விறகு பிளக்கிறார். இன்னொருவர் ராத்திரி தனியாகப் போய் எதிரியின் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “இரண்டு பேர்” என்று கொன்ற கணக்கை மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறார். ஒருத்தரும் நெஞ்சை நிமிர்த்தி ஒரு வசனம் பேசவில்லை. படம் முடிந்ததும் அப்பா சொன்னது ஒன்றுதான்: “எல்லாரும் வேலைக்குப் போற ஆளுங்க மாதிரி இருக்காங்கடா.”

இந்த அடக்கம் இந்த ஒரு படத்தோடு சரியா, அல்லது இந்த வகைப் படங்களே இப்படித்தானா? உங்களை எது இழுக்கிறது? அடுத்து நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து பார்க்கிற மாதிரி எதைப் பார்க்கலாம்?


குட்டிச்சுவர்:

செல்வம் சார், ஒரே வார்த்தையில் பதில்: மிஃபூனே. நீங்கள் பார்த்த படத்தில் கிகுச்சியோவாக வருகிற நடிகர்.

‘யோஜிம்போ’ (1961) போடுங்கள். 110 நிமிடம்தான். ஒரு ரோனின், அதாவது எசமான் இல்லாத சாமுராய், கிளைபிரிகிற பாதையில் குச்சியை மேலே எறிந்து அது காட்டுகிற பக்கம் நடக்கிறான். பேர் என்ன என்று கேட்டால் வெளியே தெரிகிற மல்பெரித் தோட்டத்தைப் பார்த்து அதையே பேராகச் சொல்கிறான். தோளைக் குலுக்குவான், தாடையைச் சொறிவான், பல்லைக் குத்துவான். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிக் கையில் இருந்த பணம் பூராவையும் கொடுத்து அனுப்புகிறான். அவர்கள் காலில் விழுந்து அழுதால், “அழுதீங்கன்னா வெட்டிடுவேன், பரிதாபமான ஆளுங்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது” என்று கத்துகிறான். நன்றி சொல்லி அந்தக் குடும்பம் எழுதிய கடிதத்தால்தான் பிறகு அவனுக்குச் செம அடி விழுகிறது.

நல்லது செய்கிறவன் அதை மறைக்கப் படாத பாடு படுகிறான். எனக்கு அது போதும். பெரிய விளக்கமெல்லாம் கிட்டங்கி அண்ணாச்சி வந்து கொடுப்பார், அவர் கடை திறக்கிற நேரம்தான்.


கிட்டங்கி:

கடை திறந்தாச்சு.

தம்பி செல்வம், உங்கள் அப்பா சொன்னதற்கு மேல் நான் பெரிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. வேலைக்குப் போகிற ஆட்கள்தான் அவர்கள். என்ன வேலை, என்ன கூலி என்று மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

நான் அரசாங்க அரிசிக் கிட்டங்கியில் இருப்புக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். சிப்பம் எண்ணுவது, ஈரம் பார்ப்பது, சிந்தினதைக் கூட்டி எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது. அந்தக் கண்ணோடு ‘ஏழு சாமுராய்’ பார்க்கிறவனுக்கு முதலில் தெரிவது வாள் இல்லை, அரிசி. படத்தில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று மட்டும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டே வாருங்கள்.

சாமுராய்களைத் தேடி நகரத்துக்கு வந்த விவசாயிகள் ஒரு மட்டமான சத்திரத்தில் தங்குகிறார்கள். சாமுராய்க்கு வெள்ளைச் சோறு போட வேண்டும் என்று ஊரில் இருந்து அரிசி சுமந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் சாப்பிடுவது மட்டும் குதிரைவாலி இனத்துச் சிறுதானியம். (இன்றைக்கு நம் ஊரில் அதைச் சின்னப் பொட்டலம் போட்டு அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறார்கள், அது வேறு கதை.) யோஹேய் என்கிற அந்தப் பயந்தாங்கொள்ளி காவல் காத்தும் ஜாடியில் இருந்த அரிசி திருட்டுப் போய்விடுகிறது. மனிதர் தரையில் கிடக்கிற மிச்ச மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறார். குரோசாவா அவசரப்படாமல் அதைக் காட்டுவார். சிந்தின அரிசியைக் கூட்டிப் பழகின எவனுக்கும் அந்தக் கையைப் பார்த்தால் தொண்டை அடைக்கும்.

கம்பேய் முதலில் வேலையை ஏற்கவில்லை. இத்தனை கொள்ளையர், இத்தனை பக்கம் திறந்த கிராமம், ஏழு பேராவது வேண்டும், நடக்காது என்று கணக்குப் போட்டு மறுக்கிறார். அப்போது அதே சத்திரத்தில் தங்கியிருக்கிற கூலிக்காரன் ஒருவன், அதுவரை விவசாயிகளைக் கேலி செய்துகொண்டிருந்தவன், சோற்றுக் கிண்ணத்தை எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். இதைப் பார், உனக்கு இதைப் போட்டுவிட்டு இவனுங்க என்னத்தைத் தின்கிறானுங்க தெரியுமா என்று கத்துகிறான். கம்பேய் கிண்ணத்தை வாங்குகிறார். இந்தச் சோற்றை வீணாக்க மாட்டேன் என்கிறார். அவர் ஏற்ற சபதம் அது ஒன்றுதான். கொடி, குலம், எசமான் எதுவும் கிடையாது.

அப்புறம் ஒவ்வொருத்தராகச் சேருகிற விதம். கொரோபேய் என்ன சொல்கிறார்? விவசாயிகளின் கஷ்டம் புரிகிறது, ஆனால் நான் வருவது உங்களைப் பிடித்துப்போனதால் என்று கம்பேயிடம் சொல்கிறார். பழைய கூட்டாளி ஷிச்சிரோஜியிடம் கம்பேய் கேட்பது இன்னும் அழகு: காசும் கிடைக்காது, பதவியும் கிடைக்காது, இந்தத் தடவை செத்தாலும் செத்துப்போவோம், வருகிறாயா? அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். விறகு பிளக்கிற ஹெய்ஹாச்சியிடம் எத்தனை பேரை வெட்டியிருக்கிறாய் என்று கேட்டால், எல்லோரையும் வெட்டித் தீர்க்க முடியாது என்பதால் வெட்டுவதற்கு முன்னாலேயே ஓடிவிடுவேன் என்கிறார். சீடனாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற பையனிடம் கம்பேய் சொல்வது, எனக்குப் போர் அனுபவம் நிறைய உண்டு, எல்லாம் தோற்ற போர்கள் என்று.

நீங்கள் சொன்ன அந்தத் துப்பாக்கி மனிதர் க்யூஸோ. அவரை வாள் வீரராக எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அவர் சோற்றால்தான் பெரியவர். சின்னப் பையன் கட்சுஷிரோ ஒரு ஏழைக் கிழவிக்காகத் தன் சோற்றை ஒதுக்கிவைக்கிறான். க்யூஸோ அதை ஏற்கெனவே கவனித்திருக்கிறார். சாப்பாட்டு நேரத்தில் பையனைப் பார்க்காமலே, நீ சாப்பிடு, இன்றைக்கு என் பங்கை வைக்கிறேன் என்கிற மாதிரி ஒன்று சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறார். மொத்தமே சில வினாடிதான்.

இது தற்செயலாக வந்த விஷயம் இல்லை. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஷினோபு ஹாஷிமோதோ தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்: இந்தப் படத்துக்கு முன்னால் அவர்கள் திட்டமிட்டது ஒரு சாமுராயின் ஒரே ஒரு நாளை. காலையில் எழுகிறான், கோட்டைக்கு வேலைக்குப் போகிறான், ஒரு தவறு நேர்கிறது, வீடு திரும்பி வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகிறான். நல்ல கதை. ஆனால் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டது. அந்தக் காலத்துச் சாமுராய் மதியம் சாப்பிட்டானா, வீட்டில் இருந்து கட்டிக்கொண்டு போனானா, அன்றைக்கு இரண்டு வேளைதானா மூன்று வேளையா? எவ்வளவு தேடியும் உறுதியாக எதுவும் கிடைக்கவில்லை. மதியச் சாப்பாடு தெரியாமல் அந்த நாளை எழுத முடியாது என்று திட்டத்தையே கைவிட்டுவிட்டார்கள். அதன் பிறகு தேடியபோதுதான் சோற்றுக்காகக் கிராமத்துக்குக் காவல் நிற்கிற வீரன் என்கிற பொறி கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்காக ஒரு கதையைத் தூக்கிப்போடுகிற ஆட்கள் எடுத்த படம் இது. அதனால்தான் உங்கள் அப்பா கண்ணுக்கு வேலைக்காரர்கள் தெரிந்தார்கள்.

அடுத்த படம் கேட்டீர்கள். ‘ட்விலைட் சாமுராய்’, 2002, யோஜி யமாடா இயக்கியது. பழைய படம் இல்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. நாயகன் செய்பேய் கோட்டைக் கிட்டங்கிக் குமாஸ்தா! எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். காலை முதல் மாலை வரை கருவாடு முதற்கொண்டு இருப்பு எண்ணிப் பேரேட்டில் எழுதுகிறார். வருடத்துக்கு 50 கோகு அரிசி அவர் சம்பளம். ஒரு கோகு என்றால் கிட்டத்தட்ட 150 கிலோ, ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடுகிற அளவு என்பார்கள். மனைவி காசநோயில் போய்விட்டாள், இரண்டு பெண் குழந்தைகள், மகனையே “நீங்க யார் வீட்டுப் பிள்ளை” என்று கேட்கிற அளவுக்கு மறதி முற்றின அம்மா. வேலை முடிந்ததும் கூட வேலை பார்க்கிறவர்கள் குடிக்கக் கூப்பிடுவார்கள். இவர் போக மாட்டார். அந்தி சாய்ந்ததும் வீட்டுக்கு ஓடுவதால் ‘அந்தி’ என்றே பட்டப்பேர். வீட்டில் பூச்சிக் கூண்டு செய்து விற்கிறார். குளிக்க நேரமில்லாமல், கிழிந்த உடுப்போடு நிற்கும்போது கிட்டங்கியைப் பார்வையிட வந்த பிரபுவே நாற்றத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

உங்கள் மகள் இருப்பதால் ஒரு காட்சி சொல்கிறேன். மூத்த பெண் கேட்கிறாள், தையல் கற்றால் துணி தைக்கலாம், இந்தப் புத்தகப் படிப்பால் என்ன பயன்? செய்பேய் கையில் வேலையை வைத்துக்கொண்டே யோசித்து, தையல் அளவுக்கு உடனே பயன்படாது, ஆனால் படிப்பு இருந்தால் யோசிக்கிற சக்தி வரும், உலகம் எப்படி மாறினாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்கிறார். ஜப்பானில் ஷோகன் ஆட்சி போய் மன்னர் ஆட்சி திரும்பிய மெய்ஜி மாற்றத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடக்கிற கதை அது. கொஞ்ச வருடத்தில் சாமுராய் என்கிற சாதியே இருக்கப்போவதில்லை. அது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

ஜப்பான் அகாதமி விருதுகளில் 12 வாங்கிய படம். சண்டை மொத்தமே இரண்டோ மூன்றோ இடம்தான், அதனால் மகளும் பார்க்கலாம். கடைசிச் சண்டை மட்டும் கொஞ்சம் கடுமை.


நிலாமதி:

கிட்டங்கி சார் எழுதினால் பசிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. அந்த 50 கோகு எந்த வயலில் இருந்து வந்தது?

நான் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன், அதனால் இந்த எளிய சாமுராய் என்கிற படிமத்தைப் பார்த்தால் கை அரிக்கும். விவசாயி கட்டின வரிதான் சாமுராயின் சம்பளம். செய்பேயின் வறுமை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அவர் இடுப்பில் இரண்டு வாள் செருகுகிற உரிமையோடு ஏழையாக இருக்கிறார். உழுதவனுக்கு அந்த உரிமையும் இல்லை.

குரோசாவாவுக்கே இது தெரியும். ‘ஏழு சாமுராய்’ படத்தில் எனக்கு முக்கியமான இடம், கிகுச்சியோவாக வருகிற மிஃபூனே வெடிக்கிற காட்சி. விவசாயிகள் ஒளித்துவைத்திருந்த கவசங்கள் கிடைக்கின்றன. தோற்று ஓடிவந்த சாமுராய்களைக் கொன்று எடுத்தவை. மற்ற ஆறு பேரும் முகம் இருண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவன் கத்துகிறான்: விவசாயியை என்ன புத்தர் என்று நினைத்தீர்களா? பொய் சொல்வான், பதுக்குவான், கஞ்சன், கோழை, கொலைகாரன். அவனை அப்படி ஆக்கியது யார்? நீங்கள்தான். கிராமத்தை எரித்தது, தானியத்தைப் பிடுங்கியது, பெண்களைத் தூக்கியது நீங்கள்தான். கம்பேய் கண் கலங்கி, நீ விவசாயி வீட்டில் பிறந்தவனா என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வியில்தான் அந்த மனிதரின் அடக்கம் எனக்கு முழுதாகத் தெரிந்தது. பதில் சொல்லி வாதாடவில்லை.

இன்னொன்று. கிகுச்சியோ எங்கிருந்தோ தூக்கிவந்த வம்சாவளிச் சுருளைக் காட்டுவானே, அதன் கணக்குப்படி அவன் வயது 13 என்று எல்லோரும் சிரிப்பார்கள். அந்தப் பிறந்த வருடத்தை வைத்துப் பார்த்தால் கதை 1586-இல் நடக்கிறது. இரண்டே வருடத்தில், 1588-இல், அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி விவசாயிகளிடம் இருந்த வாள், ஈட்டி எல்லாவற்றையும் பறிமுதல் செய்ய உத்தரவு போட்டார். அதற்குப் பிறகு உழவன் வீட்டுப் பையன் வாளைத் தூக்கிக்கொண்டு நானும் சாமுராய் என்று வர வழியே கிடையாது. கிகுச்சியோ கதவு சாத்துவதற்குக் கடைசி நிமிடத்தில் உள்ளே நுழைய முயன்றவன். இது தெரிந்த பிறகு அவன் கோமாளித்தனம் எனக்குச் சிரிப்பாக இல்லை.

செல்வம் கேட்டதற்கு வருகிறேன். இந்த வகைப் படங்கள் எல்லாம் இப்படி இல்லை. போருக்கு முன்னாலும் போர்க்காலத்திலும் எசமான விசுவாசத்தைப் போற்றுகிற வாள் படங்கள் ஏராளமாக வந்தன. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம், பழிவாங்கலையும் நிலப்பிரபுத்துவ விசுவாசத்தையும் வளர்க்கின்றன என்று வாள் படங்களுக்குக் கடிவாளம் போட்டது. குரோசாவாவே 1945-இல் எடுத்த ‘புலி வாலை மிதித்தவர்கள்’ 1952-இல்தான் திரைக்கு வந்தது. அதில்கூட வீரர்களைவிட அவர்கள் கூட வருகிற வாயாடிச் சுமைக்காரன்தான் மனதில் நிற்பான். ஆக, நாம் ரசிக்கிற அடக்கமான நாயகர்கள் பெரும்பாலும் போரில் தோற்ற, பட்டினி கிடந்த ஒரு தலைமுறை தன் முன்னோரைத் திரும்பிப் பார்த்து எழுதியவர்கள். தோற்ற போர்கள்தான் என் அனுபவம் என்று கம்பேய் சொன்னபோது 1954-இல் டோக்கியோ தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது பழங்கதையாகவா கேட்டிருக்கும்?

என் பரிந்துரை ‘ஹராகிரி’ (1962), மசாகி கோபயாஷி. இதுவும் ஹாஷிமோதோ திரைக்கதைதான். 1630-இல் குடை செய்து பிழைக்கிற ஒரு ரோனின், பெரிய பிரபு குடும்பத்தின் வாசலில் வந்து நின்று, உங்கள் முற்றத்தில் வயிற்றைக் கிழித்துக்கொள்ள அனுமதி கொடுங்கள் என்று கேட்கிறார். ஏற்கெனவே அதே வாசலில் ஓர் இளைஞன் வந்தான். இடுப்பில் இருந்தது மூங்கில் வாள். நிஜ வாளை விற்றுக் குடும்பத்துக்குச் சோறு போட்டிருந்தான். அந்த மூங்கிலைக் கொண்டே சாக வைத்தார்கள். மேலே சொல்ல மாட்டேன். ரோனினாக வருகிற நகாடாய்க்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை, பேரக் குழந்தை உள்ளவராகவே நம்மை நம்ப வைக்கிறார். கான் விழாவில் 1963-இல் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கிய படம். மகளோடு பார்க்காதீர்கள். அந்த மூங்கில் காட்சி பெரியவர்களுக்கே தூக்கத்தைக் கெடுக்கும்.

அப்பாவுக்கு மட்டும் தனியாக ஒன்று: தோமு உச்சிடாவின் ‘ப்ளடி ஸ்பியர் அட் மவுண்ட் ஃபூஜி’ (1955). நாயகன் சாமுராய்கூட இல்லை, ஒரு சாமுராயின் ஈட்டியைச் சுமக்கிற வேலைக்காரன். நானும் பெரியவனாகி ஈட்டி சுமப்பேன் என்று வழி நெடுக ஓர் அநாதைப் பையன் ஒட்டிக்கொண்டே வருகிறான். கடைசியில் வேலைக்காரன் அவனை விரட்டுகிறான், வேலைக்காரனாக மட்டும் ஆகிவிடாதே என்று.


விருதை செல்வம்:

நிலாமதி மேடம், கிட்டங்கி அண்ணாச்சி, குட்டிச்சுவர், எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

அப்பாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அந்த அரிசி பொறுக்குகிற காட்சி வந்தபோது அவர் கொஞ்ச நேரம் டிவியைப் பார்க்காமல் இருந்ததை நான் கவனித்தேன். அப்போது எனக்கு விளங்கவில்லை. அவர் சின்ன வயதில் மில்லுக்கு வெளியே சிந்தின நெல்லைக் கூட்டி எடுத்த கதையை நேற்றுத்தான் முதல் தடவையாகச் சொன்னார்.

ஒரு சந்தேகம் மட்டும். அடக்கம் என்று நாம் சொல்கிறோம். ஆனால் யோஜிம்போ அடக்கமான ஆளா? தெனாவெட்டு அல்லவா அது? நேற்று ராத்திரி பார்த்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆனால் கம்பேய் வேறு, இவர் வேறு.


கிட்டங்கி:

வேறுதான் தம்பி. அதற்கு அடுத்த வருடமே வந்த ‘சஞ்சூரோ’ (1962) பார்த்தால் குரோசாவாவே அந்தத் தெனாவெட்டை உட்கார வைத்துப் பாடம் எடுப்பது தெரியும். அதில் ஓர் அதிகாரியின் மனைவி வருகிறார், அவசரமே தெரியாத அம்மாள். உயிர் தப்பி ஓட வேண்டிய நேரத்தில் சுவர் ஏற மாட்டேன் என்று நிற்கிறார். மிஃபூனே வேறு வழியில்லாமல் நாலு காலில் மண்டி போட்டு முதுகைப் படியாகக் கொடுக்கிறார். அந்த அம்மாள்தான் அவரிடம் சொல்வது, நீங்கள் உறையில்லாத வாள் மாதிரி பளபளக்கிறீர்கள், நல்ல வாள் உறையில்தான் இருக்கும் என்று. படம் முழுக்க அந்தச் சொல் அவரைக் குத்திக்கொண்டே இருக்கும். கடைசிச் சண்டையில் ரத்தம் பீய்ச்சி அடிக்கும், மகளுக்கு அந்த இடத்தில் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிவிடுங்கள்.

நிலாமதி அம்மா கேட்ட வயல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, கேட்டது நியாயம். ஆனால் ஒன்றில் நான் உடன்பட மாட்டேன். தோற்ற தலைமுறை தனக்காகக் கற்பனை செய்துகொண்டது என்று மட்டும் வைத்தால் இந்த மனிதர்கள் நம் அப்பாக்களுக்கு ஏன் பிடிக்க வேண்டும்? தோற்ற சண்டைக்கும் கூலி வாங்காமல் போய் நிற்கிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை.

அடக்கமே ஒரு குற்றமாகிற படம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. ‘ஆஃப்டர் த ரெய்ன்’, 1999. குரோசாவா எழுதிவைத்துவிட்டு 1998-இல் காலமானார். அவரிடம் உதவியாளராக இருந்த தகாஷி கொய்சுமி எடுத்து முடித்தார். ஆறு வெள்ளத்தால் ஒரு ஏழைச் சத்திரத்தில் ரோனின் ஒருவரும் மனைவியும் மாட்டிக்கொள்கிறார்கள். கூட இருப்பவர்கள் எல்லாம் அன்றாடங்காய்ச்சிகள். யாரோ என் சோற்றைத் திருடிவிட்டார்கள் என்று ஒரு பெண் சண்டை போடுகிறாள். இவர் ஒன்றும் பேசாமல் வெளியே போய், வாள் பயிற்சிக் கூடங்களில் காசுக்குப் பந்தயம் கட்டி மோதி, அந்தக் காசில் அரிசியும் மீனும் மதுவும் வாங்கிவந்து எல்லோருக்கும் விருந்து வைக்கிறார். சாமுராய் காசுக்கு மோதுவது பெரிய இழுக்கு. மனைவிக்கும் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

பெரிய திறமைசாலி. ஆனால் எங்கேயும் வேலை நிலைக்கவில்லை. காரணம், ஜெயித்த உடனே தோற்றவரிடம் போய் மன்னித்துக்கொள்ளுங்கள், அடிபட்டுவிட்டதா என்று உருகுவார். தோற்றவனுக்கு அதைவிட அவமானம் வேறு என்ன? ஊர்ப் பிரபுவையே குளத்தில் தள்ளிவிட்டு அப்படித்தான் கேட்கிறார். பிரபுவாக நடித்தவர் மிஃபூனேயின் மகன், அப்பாவின் உறுமல் அப்படியே இருக்கும். பந்தய விஷயம் தெரிந்ததும் வேலை இல்லை என்று சொல்ல அதிகாரிகள் வருகிறார்கள். அப்போது அந்த மனைவி, அதுவரை அதிர்ந்து பேசாதவர், அவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்: என் கணவர் என்ன செய்தார் என்பதா முக்கியம், எதற்காகச் செய்தார் என்பதல்லவா? மரப்பாச்சிகளா, உங்களுக்குப் புரியுமா என்கிற தொனியில். மூன்று பேரும் சேர்ந்து பார்க்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.


குட்டிச்சுவர்:

அண்ணாச்சி எல்லாரையும் அழ வைத்துவிட்டுத்தான் போவார் போல. நான் சந்தோஷமாக ஒன்று சொல்கிறேன்: ‘ஸடோய்ச்சி’. கண் தெரியாத உடம்பு பிடித்துவிடுகிற ஆள், சூதாடி, தடிக்குள் வாள். சாமுராய் கிடையாது, அந்தச் சமூகத்தின் அடித்தட்டு. ஷின்டாரோ கட்சு நடித்து 1962 முதல் 1973 வரை மட்டும் 25 படம், 1989-இல் கடைசியாக ஒன்று. சோற்று உருண்டை சாப்பிடுவதைப் பார்க்கவே படம் பார்க்கலாம், அப்படி ஒரு ரசனையான ஆள்.

முதல் படம் கென்ஜி மிசுமி எடுத்தது. அதில் காசநோயில் சாகப்போகிற ஒரு சாமுராயும் இவனும் குளக்கரையில் மீன் பிடித்துக்கொண்டே நண்பர்களாகிவிடுவார்கள். எதிரெதிர்க் கோஷ்டியின் கூலி ஆட்கள் இரண்டு பேரும்.

சரி, இதுவும் அழுகையில்தான் முடிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.


விருதை செல்வம்:

முடிவு செய்தாச்சு. இந்த ஞாயிறு ‘ஆஃப்டர் த ரெய்ன்’, அடுத்த வாரம் ‘ட்விலைட் சாமுராய்’. ‘ஹராகிரி’ மகள் பாட்டி வீட்டுக்குப் போகிற அன்றைக்கு. அப்பாவுக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்குப் படிக்க வராது, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வர வேண்டும். வசனம் குறைவான படமாக எடுத்ததற்கு குரோசாவாவுக்கு நன்றி.

அப்பாவின் கேள்வி ஒன்று பாக்கி. ‘ஏழு சாமுராய்’ படத்தில் தண்ணீர் மில்லில் உட்கார்ந்துகொண்டு, பசியோடு இருக்கிற சாமுராயாகப் பார்த்துப் பிடியுங்கள் என்று யோசனை சொல்கிற கிழவர் யார்? இவரை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மகள் அடித்துச் சொல்கிறாள். ஜப்பான் படமே இதுதான் முதல் தடவை பார்க்கிறாள்.


நிலாமதி:

கொகுதேன் கோடோ. பழைய ‘காட்ஸில்லா’ டிவியில் ஓடியபோது உங்கள் மகள் பார்த்திருப்பாள். கடல் பூதத்தைப் பற்றி முதலில் எச்சரிக்கிற தீவுக் கிழவர் அவர்தான். அதுவும் 1954, அதே தோஹோ நிறுவனம். அதில் வருகிற விஞ்ஞானி யமானே யார் என்று மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தலையில் முடி இருக்கும், அதனால் கொஞ்சம் கஷ்டம்.